அலமாரி மேல் ஒரு வயலின்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். அடியேன் சங்கீத விமர்சகி கிடையாது. பி.காம் முடித்து, பாங்கில் கணக்கு பார்க்கிற ஆள். நாற்பத்தஞ்சு வயதில் வயலினைக் கையில் எடுத்து, சரளி வரிசையைத் தாண்டி, ஜண்டை வரிசையில் நொண்டிக்கொண்டிருக்கிற கேஸ். விஷயம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.

சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறேன் என்பதைவிட, பிள்ளைகளைச் சங்கீத கிளாஸுக்கு அனுப்புகிற நம்மைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்வதுதான் சரி. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற தமிழ்க் குடும்பம் என்றால் சனிக்கிழமை பாட்டு, ஞாயிற்றுக்கிழமை பரதம், நடுவில் வயலினோ கீபோர்டோ என்று ஒரு டைம்டேபிள் இருக்குமே, அந்த நாம்தான்.

போன வருஷம் ஜூன் மாதம். கொச்சி மழையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அலமாரியை ஒழிக்கும்போது மேலே இருந்து மகளின் வயலின் பெட்டி கீழே வந்தது. திறந்தால் உள்ளே சோகம். பெட்டிக்குள் பூஞ்சை வாசனை. ஒரு தந்தி அறுந்து சுருண்டிருக்கிறது. மற்ற மூன்றும் தொய்ந்து, பிரிட்ஜ் சாய்ந்து விழுந்து கிடக்கிறது. வயலினை ஆட்டினால் உள்ளே ஏதோ லொட லொட என்று உருளுகிறது.

எட்டு வயதில் வயலின் கிளாஸில் சேர்த்தோம். ஆறு வருஷம் போனாள். பத்தாம் வகுப்பு வந்தது, ட்யூஷன் வந்தது, 'இந்த ஒரு வருஷம் மட்டும்' என்று நிறுத்தினோம். அந்த 'ஒரு வருஷம்' எவ்வளவு நீளமானது என்று உங்களில் பலருக்குத் தெரியும். வயலின் அலமாரி மேலேயே இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது.

தூக்கிக்கொண்டு பிராட்வேக்குப் போனேன். எர்ணாகுளம் பிராட்வே தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பேரில் இருக்கிற அகலம் தெருவில் கிடையாது. குடைக்கடை, துணிக்கடை, பாத்திரக்கடை, டிசம்பர் வந்தால் கலர் கலராகத் தொங்குகிற கிறிஸ்துமஸ் நட்சத்திரம், நடுவில் தலைச்சுமைக்காரர்கள். நம்மூர்ப் பெரிய கடைவீதி மாதிரிதான். என் ஆபீஸ் அந்தப் பக்கம். வீடு தண்ணீருக்கு அந்தாண்டை, மட்டாஞ்சேரியில்.

ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில், வாத்தியம் ரிப்பேர் பண்ணுகிற ஒரு பெரியவர். வயலினை வாங்கி லேசாக ஆட்டிப் பார்த்தார். உள்ளே உருளுவது சவுண்ட் போஸ்டாம். மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கிற சின்னக் குச்சி. அதற்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது. தந்திகளின் இழுவை பிரிட்ஜ் வழியாக மேல் பலகையை அழுத்துகிறதே, அந்த அழுத்தத்தில்தான் அது கெட்டியாக நிற்கிறது. தந்திகள் எல்லாம் தொய்ந்துவிட்டால் பிரிட்ஜ் விழும். பிடிமானம் போய்க் குச்சியும் விழுந்துவிடும். வளைந்த கம்பி ஒன்றை வயலின் வயிற்றில் இருக்கிற நீளத் துளை வழியாக விட்டு, அரைமணி நேரம் போராடி அதை நிறுத்தினார்.

"சேச்சி, இது ஆரா வாயிக்குன்னது?" என்று கேட்டார்.

"மகள். இப்போ இல்லை. படிப்பு..."

"வாயிக்காதெ வெச்சால் கேடாவும்." அவ்வளவுதான் சொன்னார். காசை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் நீட்டினேன். "ஒரே ஒரு தடவை வாசியேன் கண்ணு."

அவள் கோபப்படவில்லை. மொபைலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். "நான் வாசிச்சதை நீ எப்பவாவது கேட்டிருக்கியாம்மா? வீடியோதானே எடுத்தே?"

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷம் ஃபீஸ் கட்டியிருக்கிறேன். மழையில் கொண்டு விட்டிருக்கிறேன். காத்திருந்து கூட்டி வந்திருக்கிறேன். இதெல்லாம் கணக்கில் வராதா? ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு பழைய வீடியோக்களைத் திறந்தேன். குடும்ப குரூப்பில் போடுவதற்காக எடுத்தவை. வரிசையாகப் பார்த்தேன். குழந்தை வாசித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் சத்தமாக என் குரல். "நிமிர்ந்து உக்காரு." "இந்தப் பக்கம் பாரு." "சிரிச்சுண்டே வாசி." ஒரு வீடியோவில்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அவள் என்ன வாசித்தாள் என்று கேட்டால் இன்றைக்கு வரை எனக்குச் சொல்லத் தெரியாது.

நாம் பிள்ளைகளின் சங்கீத கிளாஸை ரெக்கரிங் டெபாசிட் மாதிரி நடத்துகிறோம். மாசாமாசம் கட்டினால் போதும், முதிர்வு தேதியில் அரங்கேற்றமோ சர்டிபிகேட்டோ கைக்கு வந்துவிடும். நடுவில் எட்டிப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. பாங்கில் அது சரி. வீட்டில் அது நடக்காது என்பதுதான் இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். சொந்த ஊர் திருச்சி. அப்பாவுக்குப் பாட்டு வாசிப்பு எதுவும் தெரியாது. ஆனால் திருச்சி வானொலியில் கச்சேரி வந்தால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. லால்குடி ஜெயராமன் வயலின் என்றால் கேட்கவே வேண்டாம், ஏதோ பக்கத்து வீட்டுப் பையன் வாசிக்கிற மாதிரி ஒரு பெருமை. "நம்ம லால்குடிடா" என்பார். திருச்சியிலிருந்து லால்குடி இருபது கிலோமீட்டர்தான். எனக்கு அப்போது பிடித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. ஆனால் இன்றைக்கும் லால்குடியின் வில்லை இரண்டு நொடியில் அடையாளம் தெரிகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். என் பெண்ணுக்கு நான் அதைக்கூடச் செய்யவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். அவள் வாசிக்கப்போவதில்லை, வயலினும் சும்மா இருந்தால் கெட்டுப்போகும். அப்புறம் என்ன, நானே சேர்ந்துவிட்டேன் :-) ரங்கமணி இரண்டு நாள் சிரித்தார். மூன்றாவது நாள் சாயங்காலம் வாக்கிங் நேரத்தை மாற்றிக்கொண்டார்.

கற்றுக்கொள்ள ஆரம்பித்தபிறகு தினம் ஒரு கண்டுபிடிப்பு. எல்லாம் உலகத்துக்குத் தெரிந்ததுதான். எனக்குப் புதுசு.

முதல் கண்டுபிடிப்பு, மரம் மழையைக் குடிக்கும். கொச்சி ஜூலையில் பிருடைகள் ஊதி, திருகினாலும் அசையாது. அதுவே ஏசி அறையில் வைத்தால் சுருங்கி, சுருதி சேர்த்த கையோடு வழுக்கிக்கொண்டு இறங்கும். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலத்தை வீட்டில் யாரும் இப்போது தூக்கிப்போடக் கூடாது. வாசித்து முடித்ததும் வில்லின் மயிரைத் தளர்த்தி வைக்கவேண்டும். இதெல்லாம் ஆறு வருஷம் அந்தச் சின்னப் பெண் தானாகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டாவது, இந்த வாத்தியம் நம்முடையதான விதம். மேல்நாட்டில் நாலு தந்திகளுக்கும் நிலையான ஸ்வரம் உண்டு. நாம் சட்ஜம், பஞ்சமம், மறுபடி சட்ஜம், பஞ்சமம் என்று பாடுகிறவரின் குரலுக்கு ஏற்றபடி சேர்த்துக்கொள்கிறோம். அவர்கள் நின்றுகொண்டு தாடையால் இடுக்கிப் பிடிக்கிறார்கள். நாம் சம்மணம் போட்டு, வயலினின் தலையை வலது கணுக்கால் மேல் சாய்த்துவிடுகிறோம். இது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கால் வாத்தியத்தைத் தாங்கிக்கொண்டால் இடது கை முழுசாக விடுதலை. கை மேலும் கீழும் தாராளமாக வழுக்கும். வழுக்கினால்தான் கமகம். விரல் நன்றாக ஓட ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்கிறவர்களும் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன!

முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பிய வித்வானிடம் வயலின் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் அரசவைக்கு வந்தவர். மகாராஜா 1834ல் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார். நமக்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே வயலினோடு கேரளாவுக்கு மாற்றலாகி வந்த தமிழர்!

மூன்றாவதுதான் பெரிய கண்டுபிடிப்பு. ஃபோர்ட் கொச்சியிலிருந்து எர்ணாகுளத்துக்குப் படகில் இருபது நிமிஷம். ஆபீஸ் போகும்போது காதில் ஏதாவது கச்சேரி ஓடும். வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். "பாடுகிறவரைக் கேட்காதீர்கள். பின்னால் வருகிற வயலினை மட்டும் கேளுங்கள்." இத்தனை வருஷம் அது பின்னணி என்றே நினைத்திருந்தேன். ஒரு மாதம் கேட்டேன். அடேயப்பா! ராக ஆலாபனையில் பாடகர் என்ன பாடப்போகிறார் என்று வயலின்காரருக்குத் தெரியாது. பாடப் பாட, ஒரு மூச்சு தள்ளி, அதே சங்கதி வில்லில் வருகிறது. பாடகர் நிறுத்தினால் விட்ட இடத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்புறம் தன் முறை வரும்போது அதே ராகத்தைத் தனக்குக் கிடைத்த சின்ன நேரத்தில், பாடகரை மீறாமல், ஆனால் தன் சொந்தப் பேச்சாகப் பேசுகிறது. பக்கவாத்தியக்காரரின் பாதி வேலை கேட்பது. கேட்காமல் ஒரு ஸ்வரம்கூட வாசிக்க முடியாது.

படகில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது அந்த வீடியோக்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

நாலாவது கண்டுபிடிப்பு இந்த ஊரைப் பற்றி. மார்கழி வந்தால் நாம் எல்லாரும் என்ன செய்வோம்? சென்னையில் இல்லையே என்று ஏங்குவோம். சபா கேன்டீனை நினைத்துப் பெருமூச்சு விடுவோம். நானும் பத்து வருஷம் அதையே செய்தேன். இருபதாம் நூற்றாண்டில் கர்நாடக வயலினின் மும்மூர்த்திகள் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். லால்குடி ஜெயராமன், டி.என்.கிருஷ்ணன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன். மூன்று பேரும் சென்னையில் வாழ்ந்தவர்கள். ஆனால் டி.என்.கிருஷ்ணன் பெயரில் இருக்கிற 'டி' திருப்பூணித்துறை. பிராட்வேயிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சொச்சம். எம்.எஸ்.ஜி. பிறந்தது சென்னையில் என்றாலும், அவருடைய அப்பா பரூர் சுந்தரம் ஐயர். அந்தப் பரூர், இங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வருகிற பறவூர்தான். 'பரூர் பாணி' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஊர் பேர் போட்ட பஸ்ஸை தினமும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

திருச்சியில் இருந்தபோது ஒருவர் பக்கத்து ஊர்க்காரர். கொச்சிக்கு வந்தால் மற்ற இருவரின் வேர் பக்கத்து ஊரில். நான் என்னவோ சங்கீதமே இல்லாத ஊருக்கு வந்துவிட்டதாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்!

போன விருச்சிக மாதம் மெட்ரோவில் ஏறி (2024லிருந்து திருப்பூணித்துறை வரைக்கும் போகிறது) பூர்ணத்ரயீச கோவில் உற்சவத்துக்குப் போனேன். எட்டு நாள். யானை, பஞ்சாரி மேளம், கதகளி, நடுவில் கச்சேரி. டிக்கெட் கிடையாது. வயலின்காரரின் இடது கை தெரிகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மாமி பாலக்காட்டுத் தமிழில் ராகம் ராகமாகச் சொல்லிக்கொடுத்தார். மட்டாஞ்சேரியும் லேசுப்பட்டதில்லை. மெஹ்பூப் பாடித் திரிந்த தெருக்கள், உம்பாயியின் கஜல் இதெல்லாம் இங்கேதான். மலையாள சினிமா இசையமைப்பாளர் எம்.கே.அர்ஜுனன் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர். சின்ன வயதில் அவர் சங்கீதம் கற்றது எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம்ம பழனியில், ஒரு ஆசிரமத்தில். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று எல்லாரும் போய்வந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

'பிள்ளைகளை வற்புறுத்தாமல் எந்தக் கலையும் வராது. பெரிய வித்வான்கள் எல்லாரும் அப்பாவின் கண்டிப்பில் வளர்ந்தவர்கள்தான்' என்று என் நாத்தனார் அடிக்கடி சொல்வார். அமெரிக்காவில் இரண்டு பிள்ளைகளை மிருதங்கத்துக்கும் பாட்டுக்கும் ஓட்டிக்கொண்டு போகிறவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சரித்திரமும் அவர் பக்கம்தான். லால்குடிக்குக் குரு அவருடைய அப்பா வி.ஆர்.கோபால ஐயர். டி.என்.கிருஷ்ணனுக்கு அப்பா ஏ.நாராயண ஐயர். எம்.எஸ்.ஜி.க்கு அப்பா சுந்தரம் ஐயர். மூன்று பேருக்கும் அப்பாதான் வாத்தியார். டி.என்.கிருஷ்ணனின் தங்கை என்.ராஜமும் அதே அப்பாவிடம் ஆரம்பித்தவர்தான். பிறகு இந்துஸ்தானி வயலினில் பெரிய பெயர் வாங்கி, காசி இந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

ஆனால் இதில் நாம் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். அந்த அப்பாக்கள் மூன்று பேரும் தாங்களே வாசித்தார்கள். சங்கீதம் அந்த வீட்டில் காலையில் காபி வாசனை மாதிரி இருந்தது. பிள்ளை அதற்குள் பிறந்தது. நாமோ வீட்டில் ஒரு நிமிஷம்கூட அந்தச் சத்தம் இல்லாமல், வாரத்துக்கு ஒரு மணி நேரம் வெளியே அனுப்பி, அதே பலன் வேண்டும் என்கிறோம். கண்டிப்பை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். காதை எடுத்துக்கொள்ளவில்லை.

'எல்லாரும் வித்வான் வீடா?' என்று கேட்கலாம். வேண்டியதில்லை. என் அப்பாவுக்கு சரிகம தெரியாது. அவர் செய்தது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததுதான். நேரம் இல்லை என்று சொன்னால் நம்புகிறேன், மார்ச் முப்பத்தொன்றில் ஆணி பிடுங்குகிறவளுக்கு அது நன்றாகத் தெரியும். நான் கேட்பது பதினைந்து நிமிஷம். பிள்ளை பயிற்சி செய்யும்போது மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். திருத்த வேண்டாம், 'சூப்பர்' என்று சொல்லவும் வேண்டாம். கேளுங்கள். முடிந்ததும் 'அந்த நடுவில் வந்ததே, அது என்ன?' என்று ஒரு கேள்வி. வீடியோ எடுத்தே ஆகவேண்டும் என்றால் மாதம் ஒன்று போதும். இருக்கிற ஊரில் என்ன கேட்கக் கிடைக்கிறது என்று ஒருநாள் வெளியே போய்ப் பாருங்கள். கோவிலோ சர்ச்சோ தெருமுனையோ, எங்கேயாவது யாராவது வாசித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இதையெல்லாம் செய்தால் பிள்ளை விடாமல் வாசிக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். உத்தரவாதக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம் :-) விடுகிற பிள்ளை விடும். ஆனால் விட்டபிறகு 'நீ கேட்டதே இல்லை' என்று சொல்லாது.

என் மகள் இப்போது ப்ளஸ் டூ. இன்று வரை வயலினைத் தொடவில்லை. நான் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். போன வாரம் ராத்திரி மாயாமாளவகௌளையில் ஜண்டை வரிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த அறையில் அக்கவுண்டன்சி படித்துக்கொண்டிருந்தாள். நாலாவது தடவை நான் அதே இடத்தில் வழுக்கினதும் கதவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா, காந்தாரம் இன்னும் கொஞ்சம் மேல."

விரலை நகர்த்தினேன். சரியாக இருந்தது.

"தாங்க்ஸ்டீ" என்றேன்.

பதில் இல்லை. படித்துக்கொண்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்யாததை, பரீட்சைப் புத்தகத்துக்கு நடுவில்.

உங்கள் வீட்டு அலமாரி மேல் என்ன இருக்கிறது? இறக்கிப் பாருங்கள். மழைக்காலம் வருகிறது.